புகார் மேசைக்கு வந்தபின்

பள்ளியில் பணிபுரியும் ஒரு பெண், சக பணியாளர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்கிறார் என்று தலைமையாசிரியரிடம் வந்து சொல்கிறார். தலைமையாசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து விசாரிப்பேன்" என்பதுதான். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் விடை. மாணவர்களுக்குள் வரும் சண்டையை அன்றாடம் அப்படித்தானே தீர்த்து வைக்கிறோம்! ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு அந்த வழி பொருந்தாது. விசாரிக்கும் வேலையைச் சட்டம் ஒரு குழுவிடம் கொடுத்திருக்கிறது. தலைமையாசிரியருக்குக் கொடுத்திருப்பது வேறு வேலை. விசாரிப்பதைவிட அது கடினமானது என்றுகூடச் சொல்லலாம்.

சட்டம் எங்கிருந்து வந்தது

ராஜஸ்தான் மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. 1992-இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கத் தன்னைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். அவர் செய்தது அரசு கொடுத்த வேலை. அந்த வேலையால் வந்த கொடுமைக்கு, வேலை கொடுத்தவர் எந்த வகையில் பொறுப்பு என்று சொல்ல அன்று ஒரு சட்டமும் இல்லை. மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின. 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டம் இயற்றப்படும் வரை ஒவ்வொரு பணியிடமும் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை நீதிமன்றமே வகுத்துக் கொடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த வரலாற்றை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இது ஓர் அலுவலகச் சுவருக்குள் நடந்தது பற்றிய வழக்கு அல்ல. களத்தில் இறங்கி வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கு. அதனால்தான் சட்டத்தில் 'பணியிடம்' என்ற சொல்லுக்குப் பரந்த பொருள் இருக்கிறது. பணி காரணமாகச் செல்லும் எந்த இடமும் பணியிடமே. இடைநின்ற குழந்தையைத் தேடிப் போகும் தெரு, வட்டார வள மையத்தில் நடக்கும் பயிற்சி, பள்ளி ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து எல்லாம் அதில் அடங்கும்.

பாதுகாப்புப் பெறுபவர்களின் வட்டமும் பெரியது. நிரந்தர ஆசிரியை மட்டும் அல்லர். பகுதிநேர ஆசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் பி.எட். மாணவி, ஊதியம் பெறாத தன்னார்வலர் என எல்லோரும் புகார் கொடுக்கலாம். பள்ளியில் வேலையே பார்க்காத பெண்ணுக்கும், உதாரணமாக மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு தாய்க்கும், இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

எது துன்புறுத்தல் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. விரும்பத்தகாத தொடுதல், பாலியல் இணக்கத்தைக் கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இவற்றோடு சொல்லாலோ சைகையாலோ செய்யப்படும் வேறு எந்த விரும்பத்தகாத பாலியல் செயலும். 'விரும்பத்தகாத' என்பதே இங்கு அளவுகோல். "விளையாட்டாகச் சொன்னேன்" என்று சொன்னவர் கருதுவது அளவுகோல் ஆகாது.

ஒரு நிகழ்வைப் பார்ப்போம்

இது கற்பனை நிகழ்வு, பாடத்துக்காக அமைத்தது. முப்பது பேர் பணிபுரியும் ஒரு மேல்நிலைப் பள்ளி. கால அட்டவணைப் பொறுப்பில் இருக்கும் மூத்த ஆசிரியர், புதிதாகச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியைக்கு இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். முதலில் பாடம் பற்றி, பிறகு புடவை பற்றி, பிறகு தனியாகச் சந்திப்பது பற்றி. "இப்படி அனுப்பாதீங்க சார்" என்று ஆசிரியை பதில் போடுகிறார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய ஓய்வுப் பாடவேளைகள் எல்லாம் மாற்றுப் பணியாக மாறுகின்றன. ஆசிரியர் அறையில் அவர் நுழையும்போது இரட்டைப் பொருள் பேச்சும் சிரிப்பும். இரண்டு மாதம் பொறுத்த பிறகு, ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் கைப்பேசியோடு தலைமையாசிரியர் அறைக்கு வருகிறார்.

இந்த நேரத்தில் தலைமையாசிரியர் வாயிலிருந்து வரக்கூடிய சில சொற்கள் நமக்கு எல்லோருக்கும் பழக்கமானவை. "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையேம்மா." "வீட்ல சொல்லிட்டீங்களா?" "நம்ம ஸ்கூல் பேரு கெட்டுடும் டீச்சர்." "பொதுத்தேர்வு முடியட்டும், பார்த்துக்கலாம்." இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் ஆபத்தானது. கேட்க இதமாக இருக்கிறது, மறுப்பாகவும் தெரியவில்லை. ஆனால் சட்டத்தில் புகார் கொடுக்க மூன்று மாத வரம்பு இருக்கிறது. தொடர் நிகழ்வாக இருந்தால் கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதம். உரிய காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்துவிட்டு, குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். டிசம்பரில் நடந்ததைத் தேர்வு முடியும் வரை தள்ளிப்போட்டால் முதல் மூன்று மாதம் போய்விடும். பிறகு அந்த ஆசிரியை தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். காரணமோ தலைமையாசிரியர்தான்!

அன்று காலை செய்ய வேண்டியவை அதிகமில்லை. அவரை உட்கார வைத்து, கதவுக்கு வெளியே யாரும் காதுகொடுக்காதபடி பார்த்துக்கொண்டு, குறுக்கிடாமல் கேட்க வேண்டும். நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ சொல்ல வேண்டியதில்லை. "இதை விசாரிக்க ஒரு குழு இருக்கு. எழுத்துல கொடுங்க. எழுத உதவி வேணும்னா குழுத் தலைவர் செய்வார்" என்று சொன்னால் போதும். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தூய்மைப் பணியாளர் ஒருவர் புகாரோடு வரும்போது இந்தப் பிரிவு மிகவும் பயன்படும். கைப்பேசிச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். அவற்றைத் தலைமையாசிரியர் தம் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைக்கத் தேவையில்லை. வாங்காமல் இருப்பதே நல்லது.

புகார் எழுத்தில் வந்ததும் அதை உறையிலிட்டுக் குழுத் தலைவரிடம் நேரடியாகச் சேர்த்துவிட வேண்டும். நம் பள்ளி அலுவலகங்களில் ஒரு தாள் எத்தனை கைகள் மாறும் என்பது தெரியும். வந்த தபால் பதிவேட்டில் 'இன்னார் மீது இன்னார் பாலியல் புகார்' என்று எழுதிவிட்டால், மாலைக்குள் பக்கத்துப் பள்ளிக்கும் தெரிந்துவிடும். 'மந்தணக் கடிதம்' என்று பதிந்தால் போதுமானது. புகார் கொடுத்தவர், புகாருக்குள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவரே அதை மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

அடுத்தது கால அட்டவணை. நம் நிகழ்வில் அந்த ஆசிரியரின் கையில் இருக்கும் அதிகாரம் அதுதான். பொறுப்புகளை மாற்றி அமைப்பது தலைமையாசிரியரின் அன்றாட நிர்வாக உரிமை. காரணம் சொல்லாமல், தண்டனை போல் காட்டாமல், கால அட்டவணையையும் மாற்றுப்பணி ஒதுக்கீட்டையும் வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். இதற்கு மேல் தேவைப்படும் இடைக்கால நடவடிக்கைகளை, ஆசிரியை எழுத்தில் கேட்டால், குழு பரிந்துரைக்கும். இருவரில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றுவது, ஆசிரியைக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுப்பது, அவருடைய பணி பற்றி எதிர்த்தரப்பினர் அறிக்கை எழுதாமல் தடுப்பது ஆகியவை அதில் அடங்கும். இந்த விடுப்பு அவருக்கு உரிய மற்ற விடுப்புகளோடு கூடுதலாகச் சேர்வது. தற்செயல் விடுப்பில் கழிக்கக் கூடாது.

மாறுதல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புகார் கொடுத்த பெண்ணை 'அவர் நன்மைக்காக' மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவது எளிய வழியாகத் தெரியும். பள்ளி அமைதியாகிவிடும், தலைமையாசிரியருக்கும் தலைவலி போய்விடும். ஆனால் ஆசிரியர் அறையில் இருக்கும் மற்ற பெண்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான்: வாய் திறந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவர் தாமாக எழுத்தில் கேட்டாலன்றி இந்த வழியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

குழு இருக்கிறதா?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள ஒவ்வொரு பணியிடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். எண்ணும்போது ஆசிரியர்களை மட்டும் எண்ணிவிட்டு, "ஒன்பது பேர்தான்" என்று நிறுத்திவிடக் கூடாது. பணியில் மூத்த நிலையில் உள்ள பெண் ஒருவர் தலைவர். பணியாளர்களிலிருந்து குறைந்தது இருவர். பெண்கள் நலனுக்கான தொண்டு அமைப்பிலிருந்தோ இப்பிரச்சினையில் அனுபவம் உள்ளவர்களிலிருந்தோ வெளி உறுப்பினர் ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்கள் பள்ளி ஒன்றில் மூத்த நிலையில் பெண் எவரும் இல்லையென்றால், பிற அலுவலகம் அல்லது பிரிவிலிருந்து ஒருவரைத் தலைவராக அமர்த்தலாம். குழுவே அமைக்காமல் விட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வெளி உறுப்பினர் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஒரே ஆசிரியர் அறையில் இருபது ஆண்டாகத் தேநீர் குடித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து விசாரித்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

காகிதத்தில் குழு இருந்து, உறுப்பினருக்கே தாம் உறுப்பினர் என்று தெரியாத நிலையும் உண்டு. உறுப்பினர்களின் பெயர், கைப்பேசி எண், தண்டனை விவரம் ஆகியவற்றை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். மாணவர்களுக்கு 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம். அதன் அருகிலோ ஆசிரியர் அறை வாசலிலோ பணியாளர்களுக்கான பலகையும் இருக்கட்டும்.

நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு சத்துணவு அமைப்பாளர், ஒரு சமையலர், அவ்வளவுதான். அங்கு உள்ளகக் குழு அமைக்க முடியாது. அத்தகைய பணியிடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சமூக நலம் அல்லது மகளிர் மேம்பாட்டைக் கவனிக்கும் மாவட்ட அலுவலர் அதில் பதவி வழி உறுப்பினர். கிராமப்புறத்தில் ஒன்றியம், வட்டம் தோறும், நகரில் வார்டு தோறும் புகாரைப் பெறுவதற்கென்றே ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்கச் சட்டம் சொல்கிறது. அவர் ஏழு நாளுக்குள் புகாரை உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். தலைமையாசிரியர் மீதே, அதாவது பணியளிப்பவர் நிலையில் இருப்பவர் மீதே புகார் என்றாலும் உள்ளூர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் பெரும்பாலும் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும். அதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அங்குள்ள பெண் பணியாளர்களுக்கு மாவட்ட எண்ணை முன்கூட்டியே தெரிவித்து வைப்பது வட்டாரக் கல்வி அலுவலரின் பொறுப்பு.

அவசரமும் தவறுதான்

தாமதத்தைப் பற்றிச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோவா பல்கலைக்கழகத்தில் 2009-இல் மாணவிகள் ஓர் ஆசிரியர் மீது புகார் கொடுத்தார்கள். புகார்க் குழு மிகச் சில நாள்களில் அடுத்தடுத்து அமர்வுகள் நடத்தியது. அவர் உடல்நிலையைக் காரணம் காட்டிக் கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்தது, பணிநீக்கமும் செய்யப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே 12 அன்று அந்த ஆணை ரத்தானது. குற்றம் நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தம் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்று சொல்லி, 2009-இல் இருந்த கட்டத்திலிருந்து விசாரணையை மீண்டும் நடத்தச் சொன்னது. அந்த மாணவிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பதினான்கு ஆண்டு கழித்து, பழைய நினைவுகளை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முறையான விசாரணை புகாருக்குள்ளானவருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வழக்கைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆகவே காலக்கெடு ஒவ்வொன்றையும் குழு மதிக்க வேண்டும். புகார் கிடைத்த ஏழு வேலை நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பத்து வேலை நாளுக்குள் ஆவணங்களோடு பதில் தர வேண்டும். மொத்த விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். அமர்வில் தலைவர் உட்பட மூவராவது இருக்க வேண்டும். வழக்கறிஞரை அழைத்துவர இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. மூன்று முறை தொடர்ந்து வராதவரை விட்டுவிட்டு முடிவு செய்யலாம், ஆனால் அதற்கு முன் பதினைந்து நாள் அவகாசத்தோடு எழுத்தில் அறிவிப்பு தந்திருக்க வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒருவரின் கேள்விகளை எழுதி வாங்கி மற்றவரிடம் குழுவே கேட்கலாம். விசாரணை நடக்கும் இடமும் முக்கியம். இடைவேளை நேரத்தில், கதவு திறந்திருக்கும் தலைமையாசிரியர் அறையில், டீ கொண்டுவருபவர் வந்து போய்க்கொண்டிருக்க, யாராலும் உண்மை பேச முடியாது.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் அதை முற்றிலும் மறுக்கவில்லை. விசாரணை தொடங்கும் முன், புகார் கொடுத்த பெண் தாமே கேட்டால், குழு அதைச் செய்யலாம். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. தலைமையாசிரியரோ, சங்கப் பொறுப்பாளரோ, ஊர்ப் பெரியவரோ "ஒரு மன்னிப்புக் கடிதத்தோட முடிச்சுக்கலாம்" என்று இருவரையும் உட்கார வைப்பது இந்தச் சமரசம் ஆகாது.

விசாரணை முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கு வரும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் அறுபது நாளுக்குள் நடவடிக்கை. ஒழுங்கு நடவடிக்கைக்கு இந்த அறிக்கையையே விசாரணை அறிக்கையாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. உரிய நியமன அலுவலருக்கு அறிக்கையைத் தாமதமின்றி அனுப்புவதோடு தலைமையாசிரியர் கடமை முடியும். அந்தப் பெண் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவதும் பணியளிப்பவரின் கடமை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் பாலியல் துன்புறுத்தல் தனிக் குற்றம்.

மெய்ப்பிக்கப்படாவிட்டால்? 'பொய்ப் புகார்' என்று ஆசிரியர் அறை முடிவு கட்டிவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆதாரம் போதவில்லை என்பதும், வேண்டுமென்றே பொய் சொன்னார் என்பதும் வெவ்வேறு. தீய நோக்கம் இருந்தது என்று தனியே விசாரித்து நிறுவினால்தான் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். "நிரூபிக்க முடியலைன்னா உங்க மேல ஆக்‌ஷன் வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்வது அச்சுறுத்தல்தான்.

இந்தச் சட்டத்துக்குள் வராதவை

ஆண் ஆசிரியர் ஒருவர் துன்புறுத்தலுக்கு ஆளானால், இந்தச் சட்டம் அவருக்கு வழி தரவில்லை. நடத்தை விதிகளின்படி மேலலுவலருக்குப் புகார் அனுப்பலாம். சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும். அதை ஆசிரியர் அறைச் சண்டையாக்கிவிடக் கூடாது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவரோ மாணவியோ பாதிக்கப்பட்டிருந்தால் வழியே வேறு. அங்கு உள்ளகக் குழு, மூன்று மாதம், சமரசம் எதுவும் கிடையாது. போக்சோ சட்டம் 2012-இன்படி, விவரம் தெரிந்த எவரும் உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறை. "முதலில் நாங்கள் விசாரித்து உறுதி செய்கிறோம்" என்று பள்ளி தானே துருவத் தொடங்குவது, குழந்தையைத் திரும்பத் திரும்பப் பேச வைப்பதில் முடியும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் மாணவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். பணியிடப் புகாரில் மாணவர்களைச் சாட்சியாக இழுப்பதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

பணியாளர் கூட்டத்தில் கலந்துரையாட

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த மூன்று நிலைகளைப் பேசிப் பாருங்கள்.

1. சத்துணவுச் சமையலர் ஒருவர், பொருள் இறக்க வரும் வண்டி ஓட்டுநர் மீது புகார் சொல்கிறார். ஓட்டுநர் நம் பணியாளர் அல்லர். பள்ளியின் பொறுப்பு எதுவரை?

2. புகார் கொடுத்த ஆசிரியை ஒரு வாரம் கழித்து வந்து, "வேண்டாம் சார், விட்டுடலாம்" என்கிறார். அவர் முகத்தில் பயம் தெரிகிறது. யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. குழுத் தலைவர் அவரிடம் எப்படிப் பேச வேண்டும்?

3. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. புகாருக்குள்ளான ஆசிரியரின் நண்பர்கள் ஆசிரியர் அறையில் அந்த ஆசிரியையோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். விதி எதையும் மீறியதாகத் தெரியவில்லை. தலைமையாசிரியர் எதைச் செய்யலாம், அவருடைய சகாக்களாகிய நாம் எதைச் செய்யலாம்?